சீட்டில் பெயர் எழுதக் கூடாது

ஜூலை 7, ஞாயிறு

இந்த டைரி அம்மா வேலை பார்க்கும் கடலைமிட்டாய் கம்பெனியில் கொடுத்தது. போன வருஷத்து டைரி. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையைப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பில் இருபத்தாறு வர்ஷினி, தர்ஷினிகளுக்கு நடுவில் ஆவுடையம்மாள் என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பவளுக்குப் பழைய டைரி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு எங்கள் காலனி நூலகத்தில் அணில் வாசகர் வட்டம். மொத்தம் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் படித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பு இசக்கிராஜா எந்தப் புத்தகத்தையும் ஒரே தராசில்தான் நிறுப்பான். “கதைல யாருமே சாப்பிடல சார். அதனால எனக்குப் பிடிக்கல.” ஒரு வாரம் பாயசம் வரும் கதை ஒன்றைக் கொடுத்தோம். நாலு தடவை படித்தான்.

வாயால் சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்காக நூலகர் சுடலைமணி சார் ஒரு வழி வைத்திருக்கிறார். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு காகித உறை ஒட்டியிருக்கும். மனதில் பட்டதைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பெயருக்குப் பதில் ஒரு சின்னப் படம். என் படம் கொடுக்காப்புளி, சுருண்டது. பெனிட்டாவுடையது குடை. அவள் படம் எனக்குத் தெரியும், என் படம் அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. “சீட்டு புஸ்தகத்த விட்டு வெளிய வராது. இது என் வாக்கு” என்று சார் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அப்பா போன் பண்ணினாராம். சூரத்தில் நல்ல மழையாம். அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னாள்.

ஜூலை 9, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

சார் புதிதாக வந்த ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ‘பொந்துக்குள் ஒரு குரல்’. நாற்பது பக்கம். இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் போய் மண்ணால் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். வெளியே இருந்து அப்பா பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அம்மாவும் குஞ்சும் உள்ளேயே இருக்கும். ஒரு நாள் அப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா குஞ்சிடம் “நாளைக்கு வருவார்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பாதிதான் படித்திருக்கிறேன். படம் அழகு. மற்றதெல்லாம் எரிச்சல்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். துணி எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். அப்புறம் மழை வந்து எல்லாம் நனைந்தது. “கிறுக்கச்சி, துணி எடுக்கச் சொன்னா எங்கட்டி போன?” என்று திட்டினாள்.

அப்பா நல்லா இருக்காராம்.

ஜூலை 17, புதன்

பெனிட்டா வீட்டில் வீட்டுப்பாடம். அவள் அப்பாவுக்கு நேஷனல் பர்மிட் லாரி. இருபது நாள் ஒரிசா, அஞ்சு நாள் வீடு. வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாநிலத்து மிட்டாய் வரும். அவள் அம்மா ஜெயராணி அத்தை தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார், “ஒங்கப்பா தீவாளிக்கு வாராவளாம்மா?”

“வாராவ அத்தை. எனக்குச் சுடிதார் எடுத்து வச்சிருக்காவளாம். பச்சை.”

பச்சை என்று ஏன் சொன்னேனோ.

ஜூலை 19, வெள்ளி

நூலகம் விடுமுறை. புத்தகத்தை முடித்தேன். பத்துக்கு நாலு மதிப்பெண். அந்தக் குஞ்சுக்குப் பூஜ்யம்.

ஜூலை 21, ஞாயிறு

சீட்டு எழுதி உறையில் போட்டேன். என்ன எழுதினேன் என்று இங்கே எழுத மாட்டேன். டைரியை அம்மா திறக்கலாம். நூலகப் புத்தகத்தின் பின்னட்டையை அம்மா எங்கே திறக்கப் போகிறாள்!

எழுதி முடித்ததும் லேசாக இருந்தது. இசக்கிராஜாவுக்கு என் கடலைமிட்டாயில் பாதி கொடுத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

அடுத்த ஞாயிறு வாசகர் வட்டத்துக்கு ஆண்டு விழா. நூலக வாசலில் பந்தல், ஒரு டாக்டரம்மா சிறப்பு விருந்தினர். அம்மாக்களை அவசியம் கூட்டி வர வேண்டுமாம். பெனிட்டா வரவேற்புப் பாட்டு பாடப் போகிறாள். சார் அலமாரி முன்னால் உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களின் பின்னட்டை உறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கிறார் போல.

அம்மாவிடம் அழைப்பிதழைக் கொடுத்தேன். “நீ மேடைல ஏறுவியாட்டி?” என்றாள். இல்லை என்றேன். “ஏறாட்டி என்ன, வாரேன்” என்று மாம்பழக் கலர் சேலையை எடுத்து வெளியே போட்டாள்.

அப்பா போன் பண்ணினாராம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இனி எனக்கு ஒரு சிநேகிதியும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

விழா பதினொரு மணிக்குத் தொடங்கியது. நாங்கள் முன்னால் ஜமக்காளத்தில். அம்மாக்கள் எங்களுக்குப் பின்னால் நாற்காலிகளில். பெனிட்டா பாட்டு முடிந்தும் மேடை ஓரத்திலேயே நின்றாள், பரிசுகளை எடுத்துக் கொடுப்பதற்காக. டாக்டரம்மா நன்றாகத்தான் பேசினார். அதற்குப் பிறகு சார் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம பிள்ளைங்க எப்படிப் படிக்காங்கன்னு நீங்க தெரிஞ்சிக்கணும். பேரு இல்லாத சீட்டு ஒண்ணு. படிச்சிட்டு நானே ரெண்டு நாள் சரியாத் தூங்கல” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாருக்கும் கேட்டாயிற்று. இனி இங்கே எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? இதுதான் அது:

“இந்தப் புத்தகத்தில் அம்மா இருவாச்சி பொய் சொல்கிறது. நாளைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்கிறது. குஞ்சு நம்புகிறது. எனக்கு அந்தக் குஞ்சைப் பிடிக்கவில்லை. என் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியில் நின்று அப்பாவோடு போனில் பேசுவாள். சிரிப்பாள். போன ஞாயிறு அவள் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் மணி அடித்தது. நான் அந்தக் குஞ்சு இல்லை.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “இத எழுதின பிள்ளை யாரு? பயப்படாம மேடைக்கு வா கண்ணு. ஒனக்குத்தான் முதல் பரிசு.”

ஜமக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாக்கள் வரிசையில் குசுகுசுவென்று பேச்சு. “யாரு வீட்டுப் பிள்ளை?” என்று யாரோ கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.

அப்போது பெனிட்டா மேடை ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். “நாந்தான் மேடம் எழுதினேன்” என்றாள்.

கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே சான்றிதழை வாங்கினாள், புத்தகப் பார்சலை வாங்கினாள். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? ஒரு வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரியாதவள். ‘கதை நன்று, படம் நன்று’ என்று குடை போட்டுவிட்டுப் போகிறவள். சார் கையில் இருந்த சீட்டில் என் கொடுக்காப்புளியைப் பார்த்தும் என் எழுத்தை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

சார் வாக்கை மீறினார். அவள் என்னைக் கொள்ளையடித்தாள். இரண்டில் எது பெரிது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா செருப்பு வார் அறுந்ததுகூடத் தெரியாமல் இழுத்து இழுத்து நடந்தாள். சாயங்காலம் மாடிக்குப் போனாள், உடனே இறங்கி வந்துவிட்டாள். “ஒங்கப்பாவுக்கு இன்னைக்கி வேல சாஸ்தியாம்” என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளி இடைவேளையில் பெனிட்டா பார்சலோடு வந்தாள். பிரிக்கவே இல்லை.

“ஏட்டி ஆவுட, இது ஒனக்குள்ளது.”

“திருட்டுப் பொருள் எனக்கு வேண்டாம்.”

“நீ எந்திரிப்பியான்னு பாத்தேன். எந்திரிக்கல.”

“எந்திரிக்காட்டி? ஒனக்குப் பாத்தியப்பட்டதாயிருமோ?”

“நீ கீழ முன்னப் பாத்து ஒக்காந்திருந்த. ஒங்கம்மா மொகத்த நீ பாக்கல. நான் மேடைல நின்னேன்” என்றாள்.

பிடிபட்டவர்கள் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள். “எங்கம்மாவ இழுக்காத” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பார்சலைத் தள்ளிவிட்டதில் கீழே விழுந்து ஒரு மூலை கிழிந்தது. கிழியட்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சுடலைமணி சாரிடம் “வாக்கு என்ன ஆச்சு சார்?” என்று கேட்கத்தான் போனேன். வாசலிலேயே திரும்பிவிட்டேன். கேட்டால் எழுதியது நான் என்று ஆகிவிடும். எழுதியவள் பெனிட்டா அல்லவா!

ஆகஸ்ட் 7, புதன்

பால் வாங்கப் போகும்போது ஜெயராணி அத்தை வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் பிளவுஸ் வாங்க நின்றார்கள். ஒருத்தி சொன்னாள், “என்ன ஜெயராணி, லாரிக்காரர் போன் வந்துச்சா? மணி கிணி அடிச்சுதா?” இன்னொருத்தி சிரித்தாள். மிஷின் சத்தம் நின்றது. அப்புறம் முன்னைவிட வேகமாக ஓடியது.

எனக்கு ஏன் முகம் சுட்டது என்று தெரியவில்லை. பெனிட்டா சொன்ன பொய்க்கு அவள் வீடு படுகிறது. நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 8, வியாழன்

பெனிட்டா பள்ளிக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெனிட்டா வந்தாள். முழங்கைக்கு மேல் இரண்டு கோடு சிவந்திருந்தது. அளவு ஸ்கேல் பட்ட அடையாளம். யாரோ கேட்டதற்கு “கதவு இடிச்சிட்டு” என்றாள். நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஜெயராணி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது.

“வடிவக்கா, எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. எம் மாப்பிள இன்னைக்கி காலைல கூட கட்டாக்குல இருந்து பேசுனாவ. நான் என்னத்துக்கு இல்லாத போன்ல பேசப் போறேன்? ஏம்ட்டி இப்பிடி எழுதுனன்னு ஸ்கேல் ஒடியற மட்டும் அடிச்சிட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்கா. சர்ச்ல ஒருத்தி எனக்காக ஜெபம் பண்ணுதாளாம்க்கா. எம் புருசன் திரும்பி வரணும்னு!”

அழுதார். அடுப்படியில் அம்மா காப்பி ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் ஆற்றிக்கொண்டே இருந்தாள். “குடி ஜெயராணி” என்றாள். குரல் அம்மாவுடையது மாதிரியே இல்லை.

அத்தை போன பிறகு அம்மா உள்ளறைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“போன் அடிச்சப்ப மாடில நான் மட்டுந்தான் நிக்கேன்னு நெனச்சேன்.”

“நீ அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டியாம்மா?”

“சார் படிச்ச ஒடனே. அந்த டாக்டரம்மா எழுதுனது யாருன்னு கேட்டப்ப எனக்குப் பூமி பொளந்திராதான்னு இருந்துச்சு. அந்தப் பிள்ள என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னா. பாத்துக்கிட்டே முன்னால வந்தா.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு அப்ப உசுரு வந்துச்சுட்டி. அஞ்சு நாளா வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்” என்றாள்.

நானும் அஞ்சு நாள்தான். கூடவே அவளைத் திருடி என்றும் சொன்னேன். இந்த டைரியில் நாலாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவள் என்று அதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

இன்று காலை அம்மா வேலைக்குப் போகவில்லை. அறுந்த செருப்பை ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டாள். “வாட்டி” என்றாள்.

ஜெயராணி அத்தை வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். புதன்கிழமை சிரித்தவளும் இருந்தாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன், யாரும் இல்லாத நேரம் வரலாம் என்று. அம்மா கையை உதறினாள்.

“ஜெயராணி, அந்தச் சீட்டு எம் மக எழுதுனது. மாடில நின்னு பேசுனது நான். எம் மாப்பிள போன தீவாளிக்கு முந்துன தீவாளியோட பேசுறத நிப்பாட்டிட்டாவ. ஒம் மக எங்க மானத்துக்காவ பழிய ஏத்துக்கிட்டா. அவள இனி அடிக்காத.”

அவ்வளவுதான். அம்மா அதை அரிசி விலை சொல்வதுபோல் சொன்னாள். ஆனால் சேலை முந்தானை அவள் கையில் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. அத்தை மிஷினை விட்டு எழுந்து வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார். சிரித்தவள் பிளவுஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பெனிட்டா அடுப்படி வாசலில் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. “என்ன மன்னிச்சிரு பெனி. நாந்தான் ஒனக்குத் துரோகம் பண்ணிட்டேன்” என்றேன்.

“ஒங்கப்பா பச்ச சுடிதார் எடுத்து வச்சிருக்காவன்னு சொன்னியே” என்றாள். “அதையும் எங்கிட்ட ஏமாத்தித்தான் சொல்லிருக்க. எல்லார்ட்டயும் சொல்லு. எங்கிட்டயுமா?”

அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

“இப்பப் போ ஆவுட. அழுகையா வருது எனக்கு.”

வந்துவிட்டேன். இத்தனை நாளும் ஏமாந்தவள் நான் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஏமாந்தவள் அவள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா என்னோடு நூலகத்துக்கு வந்தாள். கம்பெனி, ரேஷன் கடை, கோயில் தவிர அவள் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. சுடலைமணி சார் எழுந்து நின்றுவிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. “அம்மா, பேரு இல்லைன்னுதான் படிச்சேன். பேரு இல்லாட்டியும் ஆளு இருக்கும்னு எனக்குத் தோணாமப் போச்சு. தப்புதான்” என்றார். அம்மா “புஸ்தகத்தக் குடுங்க சார்” என்று மட்டும் சொன்னாள்.

குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்து. இசக்கிராஜா பக்கத்தில் போய் நின்று, “இதுல பழம் மட்டுந்தான் சாப்பிடுவாவ” என்று எச்சரித்தான். “பரவால்ல ராசா” என்றாள். நாற்பது பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சீட்டு கேட்டாள்.

பெனிட்டா வந்திருந்தாள். எனக்கு எதிர்ப்பக்கம், தள்ளி. பேசவில்லை. ஆனால் வந்திருந்தாள்.

“பேரு போடக் கூடாதும்மா. ஏதாவது படம் போடு” என்றேன்.

“எனக்குப் படம் வரையத் தெரியாது” என்று அம்மா எழுதிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அம்மா மாடிக்குப் போகவில்லை. அஞ்சு மணிக்குப் போன் அடுப்படி அலமாரியில் கிடந்தது. நாங்கள் முருங்கைக்கீரை உருவினோம். அதற்கு முன்னால் ஒன்று கேட்டேன், “ஒன் சீட்ட என் டைரில எழுதிக்கிடட்டுமாம்மா?”

“எழுதிக்கோ” என்றாள். அவள் எழுதிய மாதிரியே எழுதுகிறேன்:

“அந்த அம்மா பறவை குஞ்சை ஏமாத்துவதற்காக நாளைக்கு வருவார் என்று சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. குஞ்சுக்குக் கேட்கும் என்று அதற்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் அலகாலே பொந்தை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் முந்தியே உடைத்திருக்கலாம்.

இப்படிக்கு, மு. சங்கரவடிவு, ஆவுடையம்மாளின் அம்மா.”